இடது பக்கம் எத்தனை சதம்?

— எத்தனைன்னு சொல்லிட்டுப் போ, குட்டி.

— கையை விடு அண்ணா. உனக்கு ஊசி குத்தின இடம், கசியுது பார்.

— ஒரு மணி நேரமா கம்ப்யூட்டர்ல என் ஈரலைச் சுத்திக் கோடு போட்டுட்டு வந்திருக்கே. தெரியாமலா இருக்கும்?

— ஸ்கேன் எடுத்து அளக்கறதுதான் என் வேலை. டாக்டர் கையெழுத்துப் போடாம நான் வாயைத் திறக்கக் கூடாது. கூடப் பொறந்தவனா இருந்தாலும்.

— கட்டி வலது பக்கம். அங்கே போற ரத்தக்குழாயைக் கட்டிட்டா, ரத்தம் இடது பக்கம் திரும்பி அது வளரும்னாங்க. வளர்ந்தா வலதை வெட்டி எறிஞ்சிடலாம். வளரலைன்னா?

— டாக்டர் வருவார்.

— மூணு வாரம் முன்னாடி குழாயைக் கட்டினப்போ, மொத்த ஈரல்ல இடது பக்கம் இருபத்திரண்டு சதம். முப்பது வேணும். தாண்டிச்சா?

— தண்ணி குடிக்கிறியா?

— புரிஞ்சுபோச்சு. கெட்ட சேதின்னா நீ எப்பவுமே ஊமைக்கோட்டான்தான்.

— நீயா ஒரு கதை கட்டாதே.

— உட்காரு. போறதுக்குள்ள ஒண்ணை இறக்கி வெச்சிடறேன். அந்தக் காலத்துல உனக்கு இடம் கிடைச்சிருக்குன்னு மெடிக்கல் காலேஜ்லேருந்து கடுதாசி வந்தது.

— தெரியும். மறு வருஷம் காலேஜ்லயே போய்க் கேட்டேன், அனுப்பினோம்னாங்க. அப்பாதான் ஒளிச்சுட்டார்.

— அப்பா இல்லை. தபால்காரர் என் கையிலதான் கொடுத்தார். வீட்டுல ஒருத்தர் படிக்கத்தான் வழி. நான் ரெண்டு தடவை பரீட்சையில கோட்டை விட்டவன். அதைப் பார்த்தா அப்பா என்னை நிறுத்திட்டு உன்னை அனுப்பியிருப்பார். வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்.

— என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரே அப்பா, எதுவும் வரலைம்மான்னு.

— குட்டி...

— பதினொரு வருஷம் அவருக்கு முகம் கொடுத்துப் பேசலை. கடைசியில அவர் என் பேர் சொல்லிக் கூப்பிட்டப்பகூட நான் வார்டு வாசலைத் தாண்டி உள்ளே போகலை. நீ கட்டில் பக்கத்துலதானே நின்னே?

— நின்னேன்.

— அப்பவும் சொல்லலை.

— சாகப் போறவன்கிட்ட என்ன கோபம்? மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

— டாக்டர் கையெழுத்து கிடக்கட்டும், கேட்டுக்கோ. முப்பத்தாறு சதம். சீக்கிரமே வலதை வெட்டி எடுத்துடுவாங்க, பொழைச்சுக்குவே. என் முகத்துல மட்டும் இனிமே முழிக்காதே.