கல் வட்டத்துக்குள் விழுந்த அடி

அப்பு, இந்த போலீஸ்காரங்க கேக்கறாங்க, நான் சொல்றேன், நீயும் கேட்டுக்கினு இரு.

என் பெயர் செங்கம்மாள், வயது நாற்பத்தேழு, கணவர் பூவராகவன் உயிரோடு இல்லை. கும்மிடிப்பூண்டி தாலுகா கல்மேட்டுக் காலனியில் குடியிருந்து, கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன். இறந்துபோன ஹேமநாத் என் ஒரே மகன். அப்பு என்று கூப்பிடுவேன்.

காலனிக்குப் பின்னால் பெரிய கற்களை வட்டமாக நட்ட மேடு இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். ஊரில் எந்தச் சண்டை வந்தாலும் அந்த வட்டத்துக்குள் போய் நின்றவனை யாரும் அடிக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். எங்கள் தெரு சரவணகுமாரே சின்ன வயதில் அவன் அப்பனுக்குப் பயந்து அங்கே போய் ஒண்டினவன்தான்.

போன ஞாயிறு காலை மேற்படி சரவணகுமார் ஜேசிபியும் டிப்பர் லாரியும் கொண்டுவந்து, கம்பெனிகளின் பள்ளத்தை நிரப்ப மண் எடுக்க மேட்டை ஓரத்திலிருந்து வெட்டினான். ஒரு தாழி உடைந்து எலும்பு வெளியே வந்தது. அதன் பிறகு என் மகன் போய் வண்டிக்கு முன்னால் நின்றான். சரவணகுமார் என்னிடம், "அத்தை, உம்புள்ளைய இட்டுக்கினு போ. செத்தவனுக்கு இன்னாத்துக்கு இம்மாம் எடம்?" என்றான். என் மகன் சிரித்துக்கொண்டே, "உனக்கு ஆறடி போதும் மச்சான், அளந்து உட்டுட்டு மீதிய வெட்டிக்கோ" என்றான். லாரி ஆட்களே சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு சரவணகுமார் லாரியிலிருந்து கடப்பாரையை எடுத்தான்.

என் மகன் ரோட்டுப் பக்கம் ஓடினான். நான்தான், "வட்டத்துக்குள்ள போடா அப்பு" என்று கத்தினேன். அவனும் திரும்பி வந்து உள்ளே நின்று, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். சரவணகுமார் கல்லுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு செருப்போடு உள்ளே வந்து மண்டையில் அடித்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தான். காதுப் பக்கம் நசுங்கிவிட்டது. நான் கடப்பாரையைப் பிடித்ததில் என் வலது மணிக்கட்டு உடைந்தது. அதன் பிறகு அவனும் லாரி ஆட்களும் என் மகனை இழுத்துக்கொண்டு போய் ரோட்டில் போட்டார்கள். லாரி மோதிச் செத்தான் என்று அவர்கள் சொல்வது பொய்.

நான் பிள்ளையை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, ரத்தம் ஊறின மண்ணை ஜேசிபியால் வாரி லாரியில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் வட்டமே இல்லை, பள்ளம்தான் இருந்தது.

ஏட்டம்மா மெர்சி எழுதினதைப் படித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான், நான் கூட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

அடிச்ச எடத்துக்கு அத்தாட்சி கேக்கறாங்க அப்பு. உன் ரத்தம் கலந்த மண்ணை எந்தக் கம்பெனிப் பள்ளத்துல கொட்டிட்டாங்கடா?