பூக்கட்டிப் பார்த்த ஞாயிறு

— வெள்ளை! வெள்ளைப் பூ, ஜோசப்பின்! அம்மாளாணை வெள்ளைதான் வந்தது!

— மெல்ல, கமலாக்கா! படியிலை ஐஸ் கிடக்கு, விழுந்து இடுப்பை உடைக்கப்போறியள். வெள்ளையெண்டால் என்ன? ஓமோ, இல்லையோ?

— ஓம் எண்டுதான்! கோயில் மண்டபத்தைத் துறந்து விடலாம். வானுக்கை இருக்கிற உம்மடை ஹெய்ட்டிச் சனத்தைக் கூட்டிக்கொண்டு வாரும், கெதியா!

— மாதாவே! மெய்யாத்தானோ? கூட்டம் துவங்கினதிலையிருந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு பார்க்கிங்கிலை கிடக்கிறம். சின்னவள் நித்திரையாப் போனாள். இவை படுத்திருந்த எங்கடை சேர்ச் நிலவறையிலை பைப் வெடிச்சு முழங்கால் தண்ணி எண்டவுடனை, தாய்க்காரி ஒரு கேள்வி கேக்கேல்லை, கமலாக்கா. பையைக் கட்டத் துவங்கிட்டா.

— அவவின்ரை தங்கச்சிக்காரி இஞ்சை இருக்கிறா எண்டீர்?

— டோர்செட் பார்க் எண்ட இடத்திலை, ஒரு அறைக்கை, புருசன் பிள்ளையளோடை. அதுக்குள்ளை இன்னும் நாலு பேர் எங்கை படுக்கிறது? போடருக்கு அங்காலை, அமெரிக்காவிலை, ஒஹாயோவிலை நல்லா இருந்த குடும்பம். இருக்கவிட்ட அனுமதியை நிப்பாட்டிப்போட்டாங்கள். குடிவரவுக்காரர் பக்டரிக்கை பூந்து இவவின்ரை புருசனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அங்கத்தைப் பாஸ்டர் தாயையும் பிள்ளையளையும் சேர்ச்சுக்கை வைச்சுப் பாத்தவர். பிறகு சேர்ச் வாசலிலையும் அவங்கடை கார் வந்து நிண்டதாம்.

— இதைத்தான் உள்ளுக்கை கோயில் கூட்டத்திலை சொன்னன். எங்கடை நிர்வாகசபை அன்புராசா எழும்பி மேசையிலை ஒரு அடி! “அமெரிக்காக்காரன்ரை சண்டை எங்களுக்கென்னத்துக்கு? நாளைக்கு நியூ ஜெர்சிக்குக் கலியாணத்துக்குப் போகேக்கை போடரிலை மறிச்சால், கமலாம்பிகை அக்காவே வந்து பதில் சொல்லுறது?” எண்டு. பாதிச் சனம் அவரோடை.

— தலைவர் சச்சிதானந்தன் அண்ணை?

— அந்தாள் அன்புராசாவுக்கும் மேலாலை! முந்தாநாள் துவக்கம் ஏலாது, ஏலாது. இண்டைக்கும், “இது கோயில், சத்திரமில்லை” எண்டார். எனக்குக் கண் கலங்கிட்டுது. கை தூக்கச் சொன்னால் சரிபாதி. பேந்து அவரே, “மனிசர் கதைச்சு முடியாது, அம்மாளிட்டைப் பூக்கட்டிக் கேப்பம்” எண்டார்.

— நாங்கள் சீட்டுப் போட்டு எடுக்கிறமாதிரியோ?

— கேளுமன்! வெள்ளைப் பூ ஓம், சிவப்புப் பூ இல்லை. வெத்திலைக்குள்ளை மடிச்சு, நூலாலை கட்டி, அம்மாளின்ரை காலடியிலை போடுறது. ஒரு குழந்தைப்பிள்ளை எடுக்கவேணும். சச்சி அண்ணை ஆரைக் கூப்பிட்டவர் தெரியுமே? அன்புராசாவின்ரை பேத்தியை!

— அப்ப அன்புராசாவுக்கு வாய் துறக்கேலாது!

— அவள் எடுத்துக் குடுத்தாள், ஐயர் நூலை அறுத்தார், வெள்ளைச் செவ்வந்தி! சனம் அரோகரா போட்ட சத்தம் உமக்கு வானுக்கை கேக்கேல்லையே? அன்புராசா கன்னத்திலை போட்டுக்கொண்டு, “அம்மாளே சொன்னாப்பிறகு நான் ஆர்” எண்டார். இப்ப மெத்தை எடுக்க வீட்டை ஓடுறார், அந்த மனிசன்!

— எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. கமலாக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே?

— சிவ சிவா! சாமியோடை விளையாடுறதே? நான் கிட்டவும் போகேல்லை. கட்டிப் போட்டது சச்சி அண்ணை. மற்றப் பூ இந்தா, கட்டினபடி என்ரை கையிலை. அம்மாளின்ரை காலடியிலை கிடந்ததைக் குப்பையிலை போட மனம் வரேல்லை.

— அந்தா, அவரே வாறார். தோத்த ஆள்மாதிரி மூஞ்சை.

— என்ன பிள்ளையள், குளிருக்கை நிண்டு கதை? ஜோசப்பின், அதுகளை உள்ளுக்கை கொண்டு வாரும். சப்பாத்து வாசலோடை. மச்சம் மாமிசம் மண்டபத்துக்கை கூடாது, விளங்குதே? குழந்தையளுக்குப் பால் சுடவைச்சிருக்கு. சாம்பாரிலை உறைப்பைக் குறைக்கச் சொல்லிப்போட்டன்.

— கோவமோ, அண்ணை? நீங்கள் மாட்டன் எண்டு நிண்டியள், அம்மாள் ஓம் எண்டிட்டா!

— கமலாம்பிகை, உது என்ன கையிலை?

— மற்றப் பூ, அண்ணை.

— உதை இஞ்சை தாரும்.

— ஒருக்காப் பிரிச்சுப் பாத்திட்டுத் தாறன். ஏன் பதறுறியள்? சிவப்புத்தானே... அண்ணை. இதுவும் வெள்ளை!

— யேசுவே!

— சத்தம் போடாதையுங்கோ ரெண்டு பேரும்! உள்ளுக்கை கேக்கப்போகுது.

— ரெண்டும் வெள்ளையோ? அப்ப முந்தாநாள் துவக்கம் ஏலாது, ஏலாது எண்டு நிண்டது?

— நான் ஓம் எண்டிருந்தால், அன்புராசா தன்ரை ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் வோபர்னிலை வேறை கோயில் துறந்திருப்பான். இப்ப பாரும், மெத்தை தூக்கப் போட்டான். விளங்குதே?

— அதுக்காக அம்மாளையே ஏமாத்துறதோ, அண்ணை? உங்களுக்குப் பயமில்லையே? அவவிட்டைக் கேக்கிறமெண்டு சொல்லிப்போட்டு, கேக்காமலே விட்டிட்டியள்!

— எடி பிள்ளை, வாசலிலை ஒருத்தி குழந்தையளோடை நிக்கேக்கை, அம்மாளிட்டைக் கேக்கிறதுக்கு என்ன கிடக்கு?