‘போதும்’ என்ற ஒரு சொல்

அன்று பிற்பகல் வீட்டில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இன்னாசி ஆகிய நான், என் மனைவி பவுலின், எங்கள் நாய் சாம்சன், பிறகு வந்த வெற்றிவேல். வேறு யாருமில்லை.

சாம்சன் புல்மாஸ்டிஃப் இனம். அறுபது கிலோ. வைக்கோல் நிற உடம்பு, கரி பூசியதுபோல் முகம், எதையோ நினைத்து வருந்துவதுபோல் நெற்றிச் சுருக்கம். அதிகம் குரைக்காது. அத்துமீறி நுழைபவனைக் கீழே தள்ளி, மேலே படுத்துக்கொண்டு, வளர்த்தவன் முகத்தைப் பார்க்கும். ‘போதும்’ என்றால் எழுந்துவிடும். இரண்டு வருடம் நானே பழக்கினேன். என் குரலுக்கு மட்டும்.

வெற்றிவேல் என் மகள் டயானாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். அவன் அப்பா எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவளுடைய சான்றிதழ்களைக் கேட்டு வந்திருந்தான். அவள் சின்னசேலம் பஸ் நிலையத்தில் காத்திருந்தாள்.

வாசலிலேயே சிரித்தான். “இன்னா மாமா, கன்னுக்குட்டிய கட்டாம வளத்துக்கினு கீறீங்க?”

நைனார்பாளையத்தில் எல்லோரும் என்னை ஐயா என்றுதான் அழைப்பார்கள்.

நான் அழைக்காமலே உள்ளே காலெடுத்து வைத்தான். சாம்சன் தன் வேலையைச் செய்தது.

முதலில் அவன் சிரித்துக்கொண்டுதான் கிடந்தான். பிறகு இழுப்பு வந்தது. சட்டைப்பையிலிருந்து இன்ஹேலர் உருண்டது. எடுத்து மேசைமேல் வைத்தேன். பொருள்கள் தரையில் கிடப்பது எனக்குப் பிடிக்காது.

“ஐயான்னு சொல்லு” என்றேன்.

“மூச்சு வுட முடியல, மாமா.”

பவுலின் போதும், போதும் என்று கத்திக்கொண்டே கழுத்துப்பட்டையை இழுத்தாள். சாம்சன் அசையவில்லை. என்னையே பார்த்தது.

“இன்னாங்க, மூஞ்சி நீலமாயிக்கினு வருதுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க.”

நானும் ஒரு வார்த்தைதான் கேட்டிருந்தேன். அதை அவன் முதலில் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் கடைசியாகச் சொன்னதும் மாமா என்றுதான்.

பிறகு சாம்சன் அவன் முகத்தை நக்கத் தொடங்கியது. அப்போது ‘போதும்’ என்றேன். உடனே எழுந்துவிட்டது.

நாய் பாய்ந்துவிட்டது என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். பவுலின் அன்றிலிருந்து பேசுவதில்லை. மறுநாள் ஊசி போட்டுக் கொல்ல வந்தவர்களைச் சாம்சன் நெருங்க விடவில்லை. நான் ‘உட்கார்’ என்றேன். உட்கார்ந்தது. ஊசி ஏறும்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னாசி வீட்டு நாய் வெறிபிடித்து ஆளைக் கடித்துக் கொன்றது என்று சங்கராபுரம் வரை பேசுகிறார்கள். என் வீட்டுக்கு அந்தப் பெயர் வேண்டாம். உடம்பில் ஒரு பல்தடம் கிடையாது. சாம்சன் கடிக்கவில்லை. என் சொல்லுக்காகக் காத்திருந்தது.