கையெழுத்துக்கு முன் ஒரு கிண்ணம் சூப்

— மேனேஜர்கிட்ட போய் என்ன சொன்னீங்க? அத மட்டும்...

— முதல்ல சூப்பக் குடிடா. ஆறிடும்.

— ஆறட்டும்! இவனுக்கு டிரான்ஸ்ஃபர் குடுக்காதீங்கன்னு சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்.

— எவ்வளவு கூலா சொல்றாரு பாரு! அண்ணே, பதினேழு வருஷமா ஒரே பஸ்ஸு. நீங்க டிரைவரு, நான் கண்டக்டரு. என் பொண்டாட்டியவிட உங்க முகத்ததான் அதிகம் பாத்திருக்கேன். எனக்கே இப்படிக் குழி தோண்டறீங்களே?

— குழியாவது, மேடாவது. அந்த எலுமிச்சம்பழத்த இப்படித் தள்ளு.

— பழமா வேணும்? முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் படம் எடுத்துக் காட்டிட்டாரு. பாஸ் கவுண்டர்ல உக்காந்து பாக்கிற வேல. இன்னிக்கு மூணு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். இப்ப மணி ரெண்டேகால்!

— உக்காந்தே இருந்தா தொப்ப போடும்.

— அத நீங்க சொல்றீங்களா? குனிஞ்சு பாருங்க, உங்க தொப்பைதான் முதல்ல சூப்புக்குள்ள விழப்போகுது.

— கறி வேகட்டும், இரு. பச்சையாத்தான் போட்டுத் தருவாங்க. கொதிக்கிற சாறுல ரெண்டு நிமிஷம் முக்கி வெச்சா பூ மாதிரி வெந்துரும். உன்ன மாதிரி அவசரப்பட்டா ரப்பர்தான்.

— பதினேழு வருஷமா தினம் இதே பாடம்! இந்த வியட்நாம் கடைய விட்டா உங்களுக்கு வேற போக்கிடமே கிடையாதா? சரி, என்ன காரணம் சொன்னீங்க? அதாவது சொல்லித் தொலைங்க.

— உனக்குக் கோபம் ஜாஸ்தின்னு சொன்னேன். கவுண்டருக்கு வர்ற ஜனங்களக் கடிச்சு வெச்சுடுவான்னு.

— எனக்கா? எனக்கா கோபம்?

— எங்க கடை மேசையத் தட்டாதே தம்பி! சாஸ் பாட்டில் சாயுது பாரு.

— மன்னிச்சுக்குங்கக்கா. நீங்களே சொல்லுங்க. உங்க கடையில என்னிக்காவது நான் கோபப்பட்டிருக்கேனா?

— எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்க கடையில சண்ட போட்டா சூப்புல கெடக்கிற நூடுல்ஸ் ஊறி உப்பிப் போகும். சாப்பிட்டுட்டு வெளிய போய்ப் போட்டுக்குங்க.

— கேட்டியா? கடைக்காரம்மாவே சொல்லிட்டாங்க. துளசி இலையக் கிள்ளிப் போட்டுக்கோ, மணமா இருக்கும்.

— அண்ணே, எனக்கு மணம் வேணாம், பதில் வேணும்.

— ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கித் தரேன்டா. முன்படிகிட்டயே போட்டு உக்காந்துக்க. எவன் கேக்கப் போறான்?

— செக்கிங் இன்ஸ்பெக்டர் கேப்பான்! என்னண்ணே இது, சின்னப் புள்ளைக்கு முட்டாய் காட்டற மாதிரி? எனக்குப் பதிலா வேற ஒருத்தன் வரப்போறான். இளவட்டம், ஓடியாடி வேல பாப்பான். உங்களுக்கு நல்லதுதான?

— நீ டாக்டர்கிட்ட போன அன்னிக்கு நம்ம பஸ்ஸுல வந்து பாத்துட்டுப் போனான். காதுல பாட்ட மாட்டிக்கிட்டு கடைசி சீட்டுல போய் உக்காந்துக்கறான். வாயத் திறக்க மாட்டேங்கறான்.

— இதானா குறை? நான் வாயத் திறந்தாதான் ‘தொணதொணக்காதடா’ம்பீங்க!

— முன்னெல்லாம் சொன்னேன். இந்த வருஷம் என்னிக்காவது சொன்னேனா?

— ...சொல்லல. அதுக்காக நான் சாகிற வரைக்கும் முட்டி தேய நிக்கணுமா? நான் எழுந்திருக்கறேன். உங்க கறி வேகறதுக்குள்ள என் வேல போயிடும்.

— உக்காருடா. ஒரு வாரம் கழிச்சுப் போடேன் கையெழுத்த.

— மூணு மணி அண்ணே, இன்னிக்கு மூணு மணி! அந்தப் பையன் பின்னால உக்காந்தா என்ன, கூரை மேல உக்காந்தா உங்களுக்கென்ன? பஸ்ஸ ஓட்டப்போறது நீங்கதான, அவனா?

— நான் எங்கடா ஓட்டறேன்? எனக்கு இடது கண்ணு போய் எட்டு மாசமாச்சு. படியில ஆளு தொங்குதா, பக்கத்துல சைக்கிள் வருதான்னு நீ கத்தறத வெச்சுத்தான் ஸ்டியரிங்கத் திருப்பறேன்.