கசப்பைக் காலையிலேயே தந்த கனிவுக்கு

எங்கள் கூடத்தை நிதானத்தால் நிறைத்து, இன்று பணிநிறைவு காணும் நடுவர் அம்மையார் அவர்களுக்கு, தங்களோடு பணியாற்றும் பேறு பெற்றோர் அன்போடு வாசித்தளிக்கும் மடல்.

அளந்து பேசும் அம்மையீர்!

முப்பதாண்டுக்கு மேலாக ஊர் ஊராய் மாற்றலாகி, ஒழுகும் கூரையின் கீழும் ஓடாத மின்விசிறியின் கீழும் ஒரே முகத்தோடு அமர்ந்து வழக்குக் கேட்டவர் தாங்கள். கோப்பைப் படிக்காமல் கூடத்துக்குள் தாங்கள் கால் வைத்ததில்லை. வழக்கறிஞர்களின் குரல் உயர உயரத் தங்கள் குரல் தாழ்ந்ததே தவிர, ஒருநாளும் உயர்ந்ததில்லை. வாய்தா கேட்டவரிடம் முகம் சுளித்ததில்லை; காரணமில்லாத வாய்தாவைக் கொடுத்ததுமில்லை.

ஆயினும் தங்கள் வழக்கங்களுள் ஒன்று மட்டும் எங்களுக்குப் பிடிபட நாளாயிற்று. ‘இயலாது’ என்று சொல்லித் தீரவேண்டிய மனு எதுவோ, அதைத்தான் காலையில் முதலில் கூப்பிடச் சொல்வீர்கள். வந்ததும் வராததுமாக ஒருவரைக் கையை விரித்து அனுப்பும் இந்த முறையைக் கண்டு, வராந்தாவில் நிற்கும் வழக்கறிஞர்கள் தங்களுக்குக் ‘காலைக் கசாயம்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அது தங்கள் காதுக்கு எட்டாதிருந்தால், இன்று முறைப்படி தெரிவித்துக்கொள்கிறோம்.

அந்தக் கசாயத்தின் குணத்தை எங்களுக்குக் காட்டியது, தையற்கடை நடத்தும் ஒரு பெண்ணின் மனு. பிரிந்து வாழும் கணவர், பார்த்துவிட்டு மாலையில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி நாலு வயது மகளை அழைத்துப்போனவர், கொண்டுவந்து விடவில்லை. மறுநாள் குழந்தையோடு வெளிநாட்டுக்கு விமானம் ஏறப் போகிறார் என்று செய்தி வந்துவிட்டது. போலீசை அனுப்பிக் குழந்தையை மீட்டுத் தர வேண்டும் என்று அந்தத் தாய் தங்கள் முன் வந்து நின்றார்.

எங்கள் பெஞ்ச் கிளார்க் இரக்கப்பட்டு அந்தக் கோப்பை அடியில் வைத்திருந்தார். “கடைசியில எடுத்தா அம்மா மனசு கொஞ்சம் இளகியிருக்கும்” என்பது அவர் கணக்கு. தாங்களோ அடியிலிருந்து உருவி அதையே முதலில் கூப்பிடச் சொன்னீர்கள்.

“குழந்தைய எங்கயாவது பூட்டி வச்சிருக்காராம்மா?”

“இல்லங்க. அவரு அக்கா வீட்டுல வெளையாடிட்டு இருக்காளாம்.”

“அப்படின்னா நான் போலீஸ அனுப்ப முடியாது. சட்டவிரோதமா அடைச்சு வச்சவங்கள மீட்கத்தான் எனக்கு அதிகாரம். பெத்தவங்க ரெண்டு பேர்ல குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு குடும்ப நீதிமன்றம்தான் சொல்லணும்.”

“நீங்களும் ஒரு அம்மாதானே?”



“ஆமா. அதனாலதான் உங்கள சாயங்காலம் வரைக்கும் உக்கார வைக்கல. பக்கத்துக் கட்டடம், மேல் மாடி. இப்பவே போனா இன்னைக்கே மனுவ எடுப்பாங்க.”

“கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க” என்று வழக்கறிஞரிடம் பொருமிக்கொண்டே அந்தப் பெண் வெளியேறினார். வாசலில் பெயர் கூப்பிடும் டவாலியும், “ஒரு வாரண்டு போட்டா பேனா தேஞ்சா போயிடும்?” என்று முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால், எங்களில் பலர் அன்று அவர் கட்சிதான்.

அன்று பிற்பகலே மேல்மாடியிலிருந்து செய்தி வந்தது: விசாரணை முடியும்வரை குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துச் செல்லக் கூடாது என்று குடும்ப நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. கிளார்க் வைத்த இடத்திலேயே அந்தக் கோப்பு கிடந்திருந்தால், அதன் முறை வருவதற்குள் மேல்மாடி அலுவலகம் பூட்டப்பட்டிருக்கும். தாங்கள் மனமிளகி, இல்லாத அதிகாரத்தில் ஓர் ஆணை போட்டிருந்தாலோ, கணவர் அதை மேல்நீதிமன்றத்தில் உடைத்துவிட்டு விமானம் ஏறியிருப்பார். இரண்டில் எது நடந்திருந்தாலும், இழப்பு அந்தத் தாய்க்கு.

பள்ளி நாட்களில் தாயிடமும் விடுமுறையில் தந்தையிடமும் குழந்தை இருக்கலாம் எனத் தீர்ப்பான பிறகு, அதே பெண் ஒருநாள் மகளைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“அன்னைக்கு உங்களத் திட்டிட்டே போனேன்மா.”

“அத நான் பதிவுல சேர்க்கலையே” என்றீர்கள். அந்தக் கூடம் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

எல்லை அறிந்த எங்கள் அம்மையீர்!

அதிகாரம் கையில் இருக்கையில் அதை எடுத்து வீசுவது எளிது. அது எங்கே முடிகிறது என்று அறிந்து, முடிகிற இடத்திலிருந்து அடுத்த வாசலுக்கு வழிகாட்டுவது அரிது. அரியதையே அன்றாட வேலையாகச் செய்தீர்கள். இன்னும் ஓராண்டு இருங்கள் என்று தங்களிடமே மனுப்போட எங்களுக்கு ஆசை உண்டு. ‘எனக்கு அந்த அதிகாரம் இல்லை’ என்று முதல் ஆளாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவீர்கள் என்பதால் விட்டுவிட்டோம்.

வழியனுப்பு விழா என்றால் வேலை முடிந்த மாலையில் நடப்பதுதான் முறை. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பெஞ்ச் கிளார்க்தான் குறுக்கிட்டார். “அம்மாவுக்குச் சாயங்காலமா? நல்லா இருக்கே உங்க நியாயம்!” ஆகவேதான், கூடம் கூடுவதற்கு முன், இந்தக் காலை வேளையில், எங்களுக்குக் கசப்பான அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிடுகிறோம்: சென்று வாருங்கள், அம்மா.

உடல்நலம் உடன்வர, உறக்கம் குறையாதிருக்க, வாய்தா கேட்பார் யாருமற்ற நெடுநாட்கள் தங்களுக்கு வாய்க்கட்டும். இன்னும் பொழுதிருக்கிறது, மீதி முழுவதும் தங்களுடையது.

என்றும் தங்கள் அன்பில்,
நடுவர் நீதிமன்றப் பணியாளர்கள்
(கோப்பை அடியில் வைத்தவர் உட்பட)