ஆளுநருக்குப் போட்ட பெட்டிசம்

...சும்மா கையெழுத்து வைக்கத்தான் எண்டா, மாஸ்டர், அந்தக் கவர்னருக்கு என்னத்துக்குக் கொடி கட்டின கார்? இருங்கோ, தேத்தண்ணி வருது. நீங்கள் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறி எதிர்வீட்டுக்குக் குடிவந்து ஒரு கிழமைதானே, இந்தக் கடையின்ரை கதை தெரியாது. போன வருசம் இந்த நேரத்துக்கு இந்த வாங்கிலை உங்களுக்கு இடம் கிடைச்சிராது. மட்டக்குளி பஸ் நிக்கிற ஹோல்ட் இந்த வாசல்லைதான் இருந்தது. இப்ப நாலு கடை தள்ளி, வின்சன்ற்ரை வாசல்லை. அங்கை பத்து மணிக்கே வடை முடிஞ்சுதாம். இஞ்சை என்ரை வடையை நானே தின்னுறன்.

வின்சன்ற்ரோடை எனக்குக் கதை இல்லை. கோயில் தேர் அண்டைக்கு நான் மோர்ப்பந்தல் போட, பக்கத்திலை சர்பத் வண்டிலை விட்டவன். எட்டு வருசமாச்சு. நான் மறக்கிற ஆள் இல்லை.

சரி, கவர்னர். ஹோல்ட்டைத் திருப்பி எடுக்கவேணும், இல்லாட்டி கடையைப் பூட்டவேணும். பஸ் விசயம் மாகாணசபை அமைச்சரின்ரை கையிலை எண்டு எல்லாரும் சொன்னவை. மேலை கவர்னர் இருக்கேக்கை நான் ஏன் கீழை இருக்கிறவரிட்டைப் போறன்? தமிழிலை என்ன பேர்? ஆளுநர். ஆளுறவர். நாலாம் வகுப்புப் படிச்ச எனக்கே விளங்குது.

பெட்டிசம் போட்டன். நான் சொல்லச் சொல்ல மேல்மாடி இராஜநாயகம் எழுதினவர், பென்சன் எடுத்த கிளாக்கர். 'அமைச்சர் தங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர். அவரைக் கூப்பிட்டுக் கண்டிக்கவும்' எண்டு சொன்னன். அவர் பேனையை வைச்சிட்டு, "அண்ணை, இந்த வரி வேண்டாமே" எண்டார். நான் விடேல்லை.

ரெண்டு மாதமாப் பதில் இல்லை. பெட்டிசத்தின்ரை கொப்பியை மடியிலை செருகிக்கொண்டு கவர்னரின்ரை ஒப்பீசுக்கு நேரை போனன். வாசல் சென்றியிலை நிண்ட பொலிஸ்காரன் மடியைக் காட்டி, "மே மொகத?" எண்டான், இது என்னெண்டு சிங்களத்திலை. "பெத்சமக், மாத்தயா," பெட்டிசம் ஐயா எண்டன். விரிச்சுப் பாத்திட்டு, உள்ளை போ எண்டு கையைக் காட்டினான். சிரிச்ச மாதிரியும் கிடந்தது.

அந்த ஒப்பீசிலை நவரத்தினம் எண்டு நரைச்ச மனிசன், இருத்தி வைச்சுச் சொன்னார். கவர்னரைச் சனம் வோட் போட்டு எடுக்கிறேல்லை, ஜனாதிபதி நியமிக்கிறது. அதாலை, அமைச்சர்மாரின்ரை விசயத்திலை அவை சொல்லுறபடிதான் அவர் நடக்கவேணும். சபை ஒரு சட்டம் போட்டா கையெழுத்து வைக்கவேணும். பிடிக்கேல்லையோ, ஒருக்காத் திருப்பி அனுப்பலாம். அவை அதையே ரெண்டாந்தரமும் நிறைவேற்றி அனுப்பினா வைக்கத்தான் வேணும், இல்லாட்டி ஜனாதிபதிக்கு அனுப்பவேணும், அவர் சுப்ரீம் கோட்டுக்கு அனுப்புவார்.

பாருங்கோ மாஸ்டர், தேத்தண்ணி சாயம் காணாது எண்டு நீங்கள் ஒருக்காத் திருப்பித் தரலாம். நான் அதையே திரும்பக் கொண்டுவந்து வைச்சா குடிக்கவேணும், இல்லாட்டி உள்ளை என்ரை மனிசி பத்மாவதியிட்டை அனுப்பவேணும். அனுப்பிப் பாருங்கோவன். அவ்வளவுதான் கவர்னர்.

"அப்ப என்ரை பெட்டிசம்?" எண்டன். "ஐயா, அது அமைச்சரின்ரை விசயம். கவர்னர் தன்ரை கடிதமும் ஒண்டு வைச்சு, அவருக்கே அனுப்பிட்டார்." முழுசா, மாஸ்டர். கூப்பிட்டுக் கண்டிக்கச் சொன்ன வரியோடை.

ஆனா அமைச்சர் மரியாதையான மனிசன். போன கிழமை பதில் வந்தது. இந்தாங்கோ... வேண்டாம், நானே சொல்லுறன். 'மேற்படி பஸ் தரிப்பிடம், தாங்கள் கடந்த வருடம் அனுப்பிய விண்ணப்பத்தின் பேரிலேயே மாற்றப்பட்டது.' அந்த விண்ணப்பத்தின்ரை கொப்பியும் கூட வைச்சு அனுப்பியிருக்கிறார். இராஜநாயகத்தின்ரை எழுத்து. கீழை என்ரை கையெழுத்து.

ஏன் சிரிக்கிறியள்? ஹோல்ட் இஞ்சை இருக்கேக்கை மழை பெய்தா நாப்பது பேர் உள்ளை வருவினம், குடிக்கிறது நாலு பேர். மிச்சப்பேர் கண்ணாடி அலுமாரியிலை சாய்ஞ்சு நிப்பினம். கோவம் வராதோ? அதோடை... உங்களிட்டை என்னத்தை மறைக்கிறது. அவன்ரை வாசல் அடைபடட்டும், நாள் முழுக்கச் சனத்தைத் தள்ளித் தள்ளிச் சாகட்டும் எண்டுதான் நினைச்சனான். 'வின்சன்ற் அவர்களின் கடை முன்றல் மிகவும் பொருத்தமானது' எண்டு நான்தான் சொல்லி எழுதுவிச்சனான்.

இராஜநாயகம் இனி எனக்குப் பேனை பிடிக்கமாட்டாராம். அதுதான் உங்களைக் கூப்பிட்டனான். ஜனாதிபதிக்குச் சின்னதா ஒண்டு, ரெண்டே ரெண்டு வரி... என்ன எழும்பிட்டியள்? பஸ்ஸோ? இன்னும் வரேல்லையே... சரி, போங்கோ. அங்கை வின்சன்ற்ரை வாசல்லை நிக்கிறது நில்லுங்கோ மாஸ்டர், ஒண்டும் வாங்கிக் குடியாதேங்கோ.