தலைமடை ராணி

எல்லாரும் வந்தாச்சா? மண்வெட்டியை ஓரமாப் போட்டுட்டு உக்காருங்கப்பா. தலைமடை திறக்குறதுக்கு முன்னால இந்தக் கதையைச் சொல்லியே ஆகணும். புதுசா வந்த மாப்பிள்ளைமாரு இருக்கீங்க. போன வருசம் ஒருத்தர் தெரியாம தண்ணிக்குள்ள கையை விட்டுட்டு என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அதனால காதைக் குடுத்துக் கேளுங்க.

ரயிலு வராத காலம். நம்ம கம்மாயில அல்லி பூத்துக் கெடந்த காலம். நம்ம ஊரு ஆவரேந்தல்ல மாயழகுன்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க வம்சத்துப் பாட்டன். அவருக்கு அரண்மனையில உத்தியோகம். என்ன உத்தியோகம்? தோக்குற உத்தியோகம்!

சிரிக்காதீங்க. அரண்மனை ராசா மருதபூபதிக்குச் சதுரங்கம்னா பைத்தியம். தெனமும் அவரோட ஆடணும், தெனமும் தோக்கணும். சும்மா தோத்தா ராசாவுக்குப் புடிக்காது. ஜெயிக்கிற மாதிரி கிட்ட வந்து, கடைசியில நெத்தியில அடிச்சுக்கிட்டுத் தோக்கணும். அதுல நம்ம பாட்டன் கெட்டிக்காரர். ராசாவுக்கும் அவர்னா உசுராம். வெத்தலையைத் தன் கையால மடிச்சுக் குடுப்பாராம். ராசா கெட்டவருன்னு நான் சொல்லமாட்டேன். எடுத்துப் பழகின கை, அவ்வளவுதான்.

அந்த அரண்மனையில ஒரு பழக்கம் இருந்துச்சு. காணிக்கைன்னு முன்னால ஒண்ணை வச்சா, ராசா தன் கையாலயே எடுக்கணும். எடுக்காம விட்டா அபசகுனமாம். வாழைப்பழமா இருந்தாலும் சரி, வைரமா இருந்தாலும் சரி. சதுரங்கப் பலகையிலயும் அப்படித்தான். பலகையில இருக்குற ராஜாக்காய்க்குப் பக்கத்துல ஒரு காயைக் கொண்டுபோய் வச்சா, ராசாவுக்குக் கை நிக்காது. அந்த ராஜாக்காயாலயே எடுப்பாரு. இந்த விசயம் மாயழகு ஒருத்தருக்குத்தான் தெரியும்.

அந்த வருசம் ராசா புதுசா ஒரு குளம் வெட்டினாரு. அதுல ஓடம் விடணும்னு ஆசை. தண்ணிக்கு எங்க போவாரு? ஆத்துல இருந்து நம்ம வாய்க்கால் பிரியுற இதே தலைமடையை அடைக்கச் சொல்லிட்டாரு. இதை அடைச்சா நம்ம கம்மாய்க்குச் சொட்டுத் தண்ணி கெடையாது. ஊரே போய்க் கால்ல விழுந்துச்சாம். "வேற ஊரு பாத்துக்கங்க"ன்னுட்டாராம்.

மாயழகு வீட்டுக்கு வந்தாரு. சோறு எறங்கலை. பொண்டாட்டி அங்காயி கேட்டாளாம்: "ஊரு சனம் வாசல்ல நின்னுட்டுப் போகுது. நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னேன். காதுல வாங்கலை. ஆட்டத்துல ஜெயிச்சவன் கேட்டா மட்டும் எதையும் குடுப்பாரு."

"அப்ப ஜெயிங்க."

"ஜெயிச்சா இந்தச் சோறு போயிரும், அங்காயி."

"நீங்க தோத்துத் தோத்துத்தான் இந்தச் சோறு வந்துச்சு. ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டு வாங்க. நான் பட்டினியாக் கெடக்கேன்."

மறுநா அரண்மனைக்குப் போனாரு. பலகை விரிச்சாங்க. மாயழகு எந்திரிச்சுக் கும்பிட்டாரு.

"மகாராசா, இன்னைக்குப் பந்தயம் வச்சு ஆடுவோம். நான் ஜெயிச்சா தலைமடையை அடைக்கப்படாது. தோத்தா குடும்பத்தோட இந்தச் சீமையை விட்டே போயிர்றேன்."

ராசா விழுந்து விழுந்து சிரிச்சாராம். "அடக் கிறுக்கா! என்னைக்குடா நீ ஜெயிச்சிருக்க? சரி, ஆடு. தோத்தா உன்னைப் போக விடமாட்டேன், பயப்படாத."

ஆடினாங்க. மாயழகு வழக்கம்போல ஒரு குதிரையைக் குடுத்தாரு. ராசா எடுத்துக்கிட்டாரு. ஒரு யானையைக் குடுத்தாரு. எடுத்துக்கிட்டாரு. அரண்மனைக்காரங்க வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. ராசாவோட ராஜா மூலையில, காலாள் மறைவுல பத்திரமா இருந்துச்சு.

அப்பத்தான் மாயழகு தன் ராணியைத் தூக்கினாரு. அந்தப் பலகையில அதைவிடப் பெரிய காய் எது? அதைக் கொண்டுபோய், துணைக்கு ஒரு காய்கூட இல்லாம, ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்துல வச்சாரு. வச்சுட்டு, "மகாராசா, காணிக்கை"ன்னாரு.

எடுக்காம ஒரு கட்டம் ஒதுங்கியிருந்தா ஆட்டம் ராசாவோடதுதான். எடுத்தவனுக்குத்தான் கேடு. ஆனா பழகின கை சும்மா இருக்குமா? ராஜாக்காயாலயே ராணியை எடுத்தாரு. எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

எடுத்ததும் ராஜா மறைவை விட்டு வெளிய வந்திருச்சு. மாயழகோட இன்னொரு குதிரை பாஞ்சுச்சு. மாயழகு எச்சரிச்சாரு: "ராஜாவைப் பாத்துக்கங்க." திரும்பிப் போக வழியில்லை, மாயழகோட மிச்ச யானை பாத்துக்கிட்டு நின்னுச்சு. ராஜா ஒரு கட்டம் முன்னால வந்துச்சு. "ராஜாவைப் பாத்துக்கங்க." இன்னொரு கட்டம். "ராஜாவைப் பாத்துக்கங்க." தன் படையெல்லாம் பின்னால நிக்க, ஒத்தை ராஜா பலகையைக் கடந்து எதிரி வீட்டுப் பக்கம் ஓடிவருது! ராசாவுக்கு வேர்த்துக் கொட்டிச்சாம். கடைசியில ஒரு காலாள், ஒரே ஒரு கட்டம் நகந்துச்சு.

ராஜாவுக்குப் போக எடமில்லை.

ராசா பலகையையே பாத்துக்கிட்டு இருந்தாராம். தண்ணியைப் பத்திக் கேக்கலை. குளத்தைப் பத்திக் கேக்கலை. "மாயழகு... இத்தனை வருசமா ஜெயிச்சது நானா?"ன்னு கேட்டாராம்.

நம்ம பாட்டன் அவரு கால்ல விழுந்து கும்பிட்டாராம். அப்ப ராசா சொன்னாராம்:

"தலைமடை உங்க ஊருக்கே. போ. இனி என் முகத்துல முழிக்காத."

சொன்ன சொல்லை ராசா காப்பாத்தினாரு, அதையும் சொல்லணும். கம்மாய் நெறைஞ்சுச்சு. ஊரு மாயழகைத் தோள்ல தூக்கி ஆடுச்சாம். அவரு மட்டும் சிரிக்கலை. அதுக்கப்புறம் வரப்பு வெட்டிப் பொழைச்சாரு. பலகையைத் தொடலை. அரண்மனையிலயும் யாரும் பலகை விரிக்கலையாம்.

காலம் போச்சு. ராசா படுக்கையில விழுந்துட்டாரு. "மாயழகைக் கூட்டிட்டு வாங்க"ன்னாராம். போனாரு. கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு கெழவனும் ஆடினாங்களாம். வெளிய வந்தப்ப பாட்டன் கண்ணு செவந்திருந்துச்சு. "யாரு ஜெயிச்சது?"ன்னு கேட்டவங்ககிட்ட, "எனக்குத் தெரியலை. இன்னைக்கு யாரும் விட்டுக்குடுக்கலை"ன்னாராம். ஆட்டம் பாதியிலயே நின்னுபோச்சு. ராசா அப்பவே கண்ணை மூடிட்டாரு.

உசுரு போகும்முன்ன ராசா தலகாணிக்கு அடியில இருந்து ஒரு காயை எடுத்துக் குடுத்திருக்காரு. அன்னைக்கு எடுத்து மடியில வச்ச அதே ராணி. "இதை நான் எடுத்திருக்கப்படாது மாயழகு"ன்னாராம்.

பாட்டன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலை. நேரா இங்க வந்தாரு. இந்தப் பாறையில உக்காந்து அழுதாரு. அழுது முடிச்சு, ராணியை வாய்க்கால் தண்ணியில விட்டாரு. அது மெதந்து மெதந்து கம்மாய்க்குப் போச்சாம்.

அதான் நம்ம ஊரு வழக்கம். வருசா வருசம் தலைமடை திறக்கையில, வேப்பங்கட்டையில ஒரு ராணி செதுக்கி, முதத் தண்ணியில விடுறோம். அது உங்க காலை உரசிக்கிட்டுப் போகும், மாப்பிள்ளைகளா. அழகாத்தான் இருக்கும், எடுக்கணும்னு கை வரும்.

கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அது தண்ணிக்குக் குடுத்தது. ஏலே, மடைப்பலகையைத் தூக்குங்கடா, தண்ணி வரட்டும்.